அதக்கும் பக்கத்தை முதலில் பாருங்கள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பல் மருத்துவம் பார்க்கிறேன். "ஏதாவது பழக்கம் உண்டா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இந்தப் பக்கத்தில் வெற்றிலையை யாரும் பழக்கம் என்று கணக்கு வைப்பதில்லை. அதனால் இப்போதெல்லாம் "எந்தப் பக்கம் அதக்குவீங்க?" என்று கேட்கிறேன். கை தானாகக் கன்னத்துக்குப் போகும். டார்ச்சை முதலில் அங்கேதான் அடிப்பேன். கன்னத்தின் உட்புறமும், கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள பள்ளமும்தான் நம் ஊரில் வாய்ப்புற்று அதிகம் வரும் இடங்கள். புகையிலை மணிக்கணக்கில் ஊறுவது அங்கேதானே.

"போயிலை இல்லாமத்தான் போடுறேன்" என்பவர்களுக்கும் இது பொருந்தும். புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும், ஏன், வெறும் பாக்குமே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. ஹான்ஸ், கூல் லிப், பீடி, சிகரெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றோடு சாராயமும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு ஏறும்.

உங்கள் அம்மாவோ தாத்தாவோ வெற்றிலை போடுபவர் என்றால் மாதம் ஒரு தடவை நீங்களே பார்க்கலாம். முதலில் நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வெற்றிலைச் சிவப்பு இருந்தால் சிவப்புத் திட்டு தெரியாது. பல் செட் இருந்தால் கழற்ற வேண்டும். ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, செல்போன் டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பூனின் பின்பக்கத்தால் கன்னத்தை ஒதுக்கி, அந்தக் கீழ்ப் பள்ளத்தைக் கடைவாய்ப்பல் வரை பாருங்கள். மறுபக்கமும் அப்படியே. உதட்டை மடித்து உள்ளே பாருங்கள். நாக்கை நீட்டச் சொல்லி, நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து இடமும் வலமும் இழுத்து ஓரங்களைப் பாருங்கள். நாக்கின் மேல்பக்கத்தைவிட ஓரம்தான் முக்கியம். பிறகு நாக்கை அண்ணத்தில் ஒட்டச் சொன்னால் அடிப்பகுதி தெரியும். கடைசியாகத் தலையைச் சாய்த்து அண்ணம். வெளியே தாடைக்குக் கீழும் கழுத்தின் இரு பக்கமும் விரலால் தடவி, கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்.

இப்படி முதல் தடவை பார்த்துப் பயந்துபோய் ஓடி வருபவர்கள் உண்டு. நாக்கின் பின்பகுதியில் வரிசையாக இருக்கும் உருண்டைகள் எல்லாருக்கும் உள்ளவை. கன்னத்தில் மஞ்சள் குருணை போன்ற புள்ளிகள், பல் கடிக்கும் மட்டத்தில் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு, அண்ணத்தின் நடுவே பல வருடமாக இருக்கும் எலும்பு மேடு, இவையும் நோய் இல்லை.

கவலைப்பட வேண்டியவை வேறு. துணியால் துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு. வெல்வெட் மாதிரியான சிவப்புத் திட்டு. இது வெள்ளையைவிட மோசம். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், அதுவும் ஓரம் தடித்துக் கெட்டியாக இருந்தால். காரணமில்லாமல் ஆடும் பல், பல் பிடுங்கிய இடம் ஆறாமல் இருப்பது, உதடு மரத்துப்போவது, விழுங்கும்போது வலி, கழுத்தில் வலிக்காத கட்டி. காதில் கோளாறு இல்லாமல் காது வலித்தாலும் வாயையும் தொண்டையையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் வாய்ப்புற்று பெரும்பாலும் வலிக்காது. வலிக்கிற வாய்ப்புண்ணுக்கு ஓடி வருகிறார்கள், வலிக்காததை வைத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்பில் பி காம்ப்ளக்ஸும் ஜெல்லும் வாங்கி மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். கூரான பல் உரசிப் புண் வந்திருந்தால் பல்லைத் தேய்த்துச் சரிசெய்வோம். அதற்குப் பிறகும் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

பாக்குப் பொட்டலம் மெல்லும் பையன்களுக்கு இன்னொரு சோதனை. வாயை முழுக்கத் திறந்து, தன் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பல் வரிசைகளுக்கு நடுவே நுழைக்க வேண்டும். நுழையவில்லை, காரம் பட்டால் எரிகிறது, கன்னம் உள்ளே வெளுத்துக் கயிறு மாதிரி இறுகியிருக்கிறது என்றால் உடனே வாருங்கள். இறுகியது பழையபடி ஆவது கடினம். பாக்கை விட்டால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம். இதுவும் புற்றாக மாறக்கூடிய நிலைதான்.

கண்ணால் பார்ப்பதில் என்ன தெரிந்துவிடும் என்று கேட்பார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெறும் கண்ணால் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது என்று 2005-இல் முடிவு வெளியானது. அவர்கள் பார்ப்பதற்கு நீங்கள் வீட்டில் பார்ப்பது ஈடாகாது. அதனால் 30 வயது தாண்டியவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் பார்க்கப் போகும்போது வாயையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னத் துண்டு சதை எடுப்போம், அவ்வளவுதான். "கத்தி பட்டா பரவிடும்" என்பது வெறும் பேச்சு. பரவுவது நாள் கடத்துவதால். ஆரம்பத்திலேயே பிடித்தால் பல பேருக்கு அறுவைச் சிகிச்சை மட்டுமே போதும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை உண்டு. கார்டு இருக்கிறதா என்று முன்பே பார்த்து வையுங்கள். புகையிலையை விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிடலாம்.

பயாப்சியில் "புற்று இல்லை" என்று வந்ததும் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் டிஸ்பிளேசியா என்று எழுதியிருந்தால் செல்கள் மாறத் தொடங்கிவிட்டன என்று பொருள். டாக்டர் சொல்லும் இடைவெளியில் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். திட்டை செல்போனில் படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ரிப்போர்ட்டோடு அந்தப் படத்தையும் காட்டினால், திட்டு வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு வசதி.