வெளிநாட்டுக்குப் படம் அனுப்புகிறீர்களா? ‘கிஃப்ட்’ என்று எழுதாதீர்கள்

என் ஓவியப் பட்டறைக்கு வந்து பழகுகிற பிள்ளைகள் இப்போது இன்ஸ்டாகிராமிலேயே ஆர்டர் பிடித்துவிடுகிறார்கள். டொராண்டோ, நியூஜெர்சி, லண்டன் என்று படம் பறக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் அனுப்பும் இடத்தில், நாங்கள் அந்தக் காலத்தில் முட்டிக்கொண்ட அதே சுவரில் போய் முட்டிக்கொள்கிறார்கள். முகவரியைச் சரிபார், பபுள் ராப் சுற்று என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது தஞ்சாவூர் படம், அதை வைத்தே சொல்கிறேன். ஆயில், அக்ரிலிக் வரைபவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

பில்லில் ‘கிஃப்ட்’ என்று எழுதுவது

இது ஒன்றைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

வாங்குபவர் நைசாகக் கேட்பார்: “தம்பி, கிஃப்ட்னு எழுதி ஐம்பது டாலர்னு போட்டுடுங்க, இங்க டாக்ஸ் கட்ட வேண்டாம்.” கூரியர் கவுண்டரில் இருப்பவரும் “கிஃப்ட்னா பேப்பர் வேலை கம்மி சார்” என்பார். இரண்டு பேரும் சொல்லிவிட்டால் புதிதாக வந்தவருக்கு அதுவே சட்டம்.

கும்பகோணம் பக்கத்துப் பையன் ஒருவர், நல்ல கைவேலைக்காரர். இரண்டடிக்கு ஒன்றரை அடி வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணரை 48,000 ரூபாய்க்கு விற்றார். பில்லில் 4,000, கிஃப்ட். பெட்டி எங்கேயோ மூலை அடிபட விழுந்திருக்கிறது. வாங்கியவர் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். தேக்கு ஃபிரேமின் கீழ் மூலை வாயைப் பிளந்திருந்தது. அங்கிருந்து கிளம்பிய விரிசல், பசைக் கலவையால் புடைப்பாக எழுப்பும் மக் வேலையை அறுத்துக்கொண்டு கிருஷ்ணரின் முழங்கை வரை ஏறியிருந்தது. பதித்த கற்கள் இரண்டு பெயர்ந்து கண்ணாடிக்கு அடியில் கிடந்தன.

வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். அது நியாயம்தான். கூரியர் கம்பெனியோ, “நீங்கள் எழுதிய மதிப்பு 4,000, அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது” என்று முடித்துவிட்டது. அதுவும், கோபப்படாமல் யோசித்தால், நியாயம்தான்.

தொல்லை அத்தோடு போகவில்லை. படத்தைச் சரிசெய்ய இங்கே திருப்பி அனுப்பியவர் உண்மையான விலையை எழுதிவிட்டார். போன பார்சல் 4,000, வந்த பார்சல் 48,000. இந்தியாவிலிருந்து போன சரக்கே திரும்பி வருகிறது என்று நிரூபித்தால் இறக்குமதித் தீர்வையில் விலக்கு உண்டு. இரண்டு காகிதமும் இப்படி முறைத்துக்கொண்டு நின்றால் எந்த அதிகாரி நம்புவார்? இன்னொரு பக்கம் பேங்கில் கேள்வி: சரக்கு விற்ற பணம் 48,000 வந்திருக்கிறது, அதற்கான ஏற்றுமதி ஆவணம் எங்கே?

இவ்வளவுக்கும் மிச்சம் பிடித்தது என்ன? முழுக்கக் கையால் வரைந்த ஓவியத்துக்குச் சுங்க அட்டவணையில் 9701 என்று தனித் தலைப்பே இருக்கிறது. அமெரிக்காவில் அந்தத் தலைப்புக்கு அடிப்படைச் சுங்க வரி கிடையாது. பிரிட்டனில் ஓவியத்துக்கு இறக்குமதி வாட் 5 சதவீதம். அதையே அலங்காரப் பொருள் என்று எழுதினால் 20. அதாவது ஓவியம் என்று எழுதினாலே வரி குறைகிறது, பொய்க்குத் தேவையே இல்லை. “800 டாலருக்குள்ள போடு” என்று சீனியர்கள் சொல்லிக்கொடுக்கும் வித்தையும் செல்லாது. 800 டாலருக்குள் வரும் பார்சலுக்கு வரி இல்லை என்ற அந்தச் சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29-இல் நிறுத்திவிட்டது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஐ.இ.சி. எண், அதாவது ஏற்றுமதி இறக்குமதிக்கான குறியீட்டு எண் வாங்குங்கள். ஆன்லைனில் 500 ரூபாய். உங்கள் பான் எண்தான் அந்த எண்ணும். ஒவ்வொரு வருடமும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் அதே தளத்தில் விவரங்களை உறுதிசெய்யாவிட்டால் முடக்கிவிடுவார்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கூரியரில் கொடுக்கும்போது “சி.எஸ்.பி. 5-ல போடுங்க” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விற்பனைச் சரக்குக்கான கூரியர் ஏற்றுமதிப் படிவம் அதுதான். சி.எஸ்.பி. 4 என்பது கிஃப்டுக்கும் சாம்பிளுக்கும். நீங்கள் சொல்லாவிட்டால் கவுண்டரில் அதில்தான் தள்ளுவார்கள். தபாலில் அனுப்புகிறவர்களுக்கு டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற தபால் ஏற்றுமதி மையம் இருக்கிறது, ஏற்றுமதி பில்லை ஆன்லைனிலேயே போடலாம். அப்புறம், குறைத்துப் போடச் சொல்லும் வாடிக்கையாளரிடம் “உடைந்தால் உங்களுக்கும் அவ்வளவுதான் கிடைக்கும்” என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள்.

புதுப் படத்தைப் பழசாக்கி அனுப்புவது

நிறத்தை மங்க அடித்து ‘ஆன்டிக் ஃபினிஷ்’ கேட்பவர்கள் அதிகம். வரைந்து கொடுங்கள், தப்பில்லை. ஆனால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஓவியம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனிநபர் ஏற்றுமதி செய்யக் கூடாது. போன மாதம் உலர்ந்த படமா, தாத்தா காலத்துப் படமா என்று ஸ்கேனரில் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? சந்தேகம் வந்தால் நிறுத்தி வைப்பார். தொல்லியல் துறையிடம் ‘இது தொல்பொருள் அல்ல’ என்று சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். சென்னை வட்ட அலுவலகம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. வெறும் பலகை, மக் வைத்த நிலை, ரேக்கு (தங்கத் தகடு) ஒட்டிய நிலை என்று தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். பலகையின் பின்னால் கையெழுத்தும் வருடமும் இருக்கட்டும்.

இதிலேயே ஒரு கிளைத் தவறு: ரவி வர்மாவின் லட்சுமியைப் பார்த்து வரைந்துவிட்டு, பில்லில் ‘ரவி வர்மா பெயிண்டிங்’ என்று எழுதுவது. அவர் படைப்புகள் கலைச் செல்வம் என்று அறிவிக்கப்பட்டவை, எத்தனை வருடப் படமாக இருந்தாலும் வெளியே போகக் கூடாது. உங்கள் பெயரை எழுதுங்கள் சாமி.

தங்கத்தை முதல் வார்த்தையாக எழுதுவது

‘22 காரட் கோல்டு’ என்று ஆரம்பித்தால் நகை என்று நினைப்பார்கள். முதலில் ஓவியம், பிறகு பலகை, கடைசியில் ரேக்கு.

ஆசாரி அடித்த பெட்டி

ப்ளைவுட் அல்லாத வெறும் மரச் சட்டத்தில் பெட்டி அடித்தால், 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் பதப்படுத்தியதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை வேண்டும். மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் பன்னாட்டு விதி அது. இல்லையென்றால் அந்த ஊர் துறைமுகத்திலேயே திருப்பிவிடலாம், எரித்தும் விடலாம். ப்ளைவுட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. முழுப் பெட்டியையும் ப்ளைவுட்டில் அடிக்கச் சொல்லுங்கள். மூலைக்கு மட்டும் ஒரு ரீப்பர் துண்டு வைக்கிறேன் என்பார் ஆசாரி, விடாதீர்கள்.

ஈரத்தோடு பேக் செய்வது

ஐப்பசி, கார்த்திகை மழையில் படம் சரியாக உலராது, அப்போது அவசர ஆர்டர் எடுக்காதீர்கள்.

கண்ணாடி

கழற்றிவிடுங்கள். வாங்குபவர் அடம்பிடித்தால் அக்ரிலிக் ஷீட்.

தராசில் நிறுத்துக் கூலி சொல்வது

படம் எட்டு கிலோ என்று வீட்டுத் தராசில் பார்த்து, அதற்கான கூலியை வாடிக்கையாளரிடம் வாங்கிவிடுகிறார்கள். கூரியர்காரர் பெட்டியை டேப் வைத்து அளப்பார். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 100, 80, 15 என்றால் 24 கிலோ. எது அதிகமோ அதற்குத்தான் கூலி, வித்தியாசம் உங்கள் கையிலிருந்து போகும். பெட்டியை அடித்து, அளந்து, அப்புறம் விலை சொல்லுங்கள். ஃபிரேமை அங்கேயே போட்டுக்கொள்கிறேன் என்று வாங்குபவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் பலகையை மட்டும் அனுப்புங்கள். பெட்டியின் உயரம் பாதியானால் அந்த 24 பன்னிரண்டாகிவிடும்.