பூச்சிமருந்து வீட்டுக்குள் வரும் வழி: விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"குழந்தையைத் தோட்டத்துப் பக்கமே விடுறதில்லை, அப்புறம் எப்படி மருந்து படும்?" மருந்தடிக்கும் வேலைக்குப் போகும் பெற்றோர் பலரின் நம்பிக்கை இது. தெளிக்கும்போது பிள்ளை பக்கத்தில் இல்லை, பாட்டிலும் எட்டாத உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதானே என்று நினைத்துவிடுகிறார்கள். இது பாதிப் பாதுகாப்புதான். மீதி ஆபத்து சட்டையிலும் செருப்பிலும் வண்டி சீட்டிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கே வருகிறது.

"நான் மருந்தைத் தொடுவதே இல்லை, காய் பறிக்கிற வேலைதான்" என்று சொல்பவர்களும் தப்பவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பழத்தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுத் தூசியையும் வண்டித் தூசியையும் எடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலான வீடுகளிலும் வண்டிகளிலும் அசின்பாஸ்-மெத்தில் என்ற பூச்சிமருந்து இருந்தது. நெருக்கமாகக் காய்த்ததைக் கிள்ளி எடுக்கும் வேலை செய்தவர்களிடம் அது மற்றவர்களைவிட அதிகமாகத் தென்பட்டது. நாள் முழுக்க இலையில் உரசுகிற வேலை அது. மருந்து இலையிலிருந்து சட்டைக்கு வந்துவிடுகிறது.

வெளியில் விழும் மருந்தை வெயிலும் மழையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் சிதைக்கின்றன. வீட்டுக்குள் இவை எதுவும் இல்லாததால் பாயிலும் மெத்தையிலும் தரை இடுக்கிலும் அது வெகுநாள் தங்கும். ஒரு வயதுக் குழந்தை இருப்பதும் அதே தரையில்தான். தவழ்ந்த கையை வாயில் வைக்கும், கீழே விழுந்த பொம்மையை எடுத்துச் சப்பும். உடல் எடைக்குக் கணக்குப் பார்த்தால் பெரியவர்களைவிட அதிகம் மூச்சிழுக்கும், அதிகம் குடிக்கும், தோல் பரப்பும் அதிகம். துடைப்பத்தால் வறட்டுப் பெருக்கலாகப் பெருக்கினால் தூசி எழும்பி மறுபடி அங்கேயே படியும். ஈரத்துணியால் துடைப்பதுதான் பயன் தரும்.

பெரிய தவறு துணி துவைப்பதில் நடக்கிறது. வேலைச் சட்டையைக் கழற்றி மற்ற அழுக்குத் துணியோடு ஒரே கூடையில் போடுகிறோம், அதே கூடையில் குழந்தையின் ஜட்டியும் கிடக்கிறது. அப்படியே ஒன்றாக ஊறவைத்தால் சட்டையில் இருந்த மருந்து மற்ற துணிகளுக்கும் ஏறும். வேலைத்துணிக்குத் தனியாக மூடியுள்ள ஒரு வாளியோ பையோ வேண்டும், அதுவும் வீட்டுக்கு வெளியே. கையுறை போட்டு, சூடான தண்ணீரில், சோப்புத்தூளைத் தாராளமாகப் போட்டுத் தனியாகத் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். மெஷினில் போட்டால் அடுத்த துணிக்கு முன்பு துணியில்லாமல் ஒரு சுற்று ஓடவிட வேண்டும். "ஒரு தடவைதானே போட்டேன், நாளைக்கும் போட்டுக்கலாம்" என்று ஆணியில் மாட்டி வைப்பதும் கூடாது. தண்ணீர் கலக்காத மருந்து கொட்டி நனைந்த துணியைத் துவைத்துச் சரிசெய்ய நினைக்காதீர்கள். தூக்கிப் போடுவதுதான் வழி. தோல் பெல்ட், தோல் செருப்புக்கும் இதே கதைதான். உள்ளே இறங்கிய மருந்தை அவற்றிலிருந்து எடுக்க முடியாது.

அடுத்தது, வீட்டு வாசலில் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தை. அதை அந்தச் சட்டையோடு தூக்காமல் இருப்பது கஷ்டம்தான். ஆனாலும் தூக்கக் கூடாது. வெளியிலேயே செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, சோப்புப் போட்டுக் குளித்து, உடை மாற்றிய பிறகு தூக்கலாம். தலைக்கும் சேர்த்துக் குளிக்க வேண்டும். மருந்துகள் பலவும் எண்ணெய்ப் பசையுள்ளவை, வெறும் தண்ணீருக்குப் போகாது. இந்தப் பயத்தில் தாய்ப்பாலையே நிறுத்திவிடும் அம்மாக்களும் உண்டு. அதுவும் தவறு. பொதுவாகத் தாய்ப்பாலின் நன்மையே பெரிது. குளித்து உடை மாற்றிவிட்டுக் கொடுத்தால் போதும்.

குழந்தை பிறந்த பிறகுதான் கவனம் வேண்டும் என்று நினைப்பதைத்தான் எனக்கு ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், பெரும்பாலும் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளை 1999-லிருந்து பெர்க்லி பல்கலைக்கழகத்தார் பின்தொடர்ந்தார்கள். அந்த ஆய்வுக்குச் சாமகோஸ் என்று பெயர். கர்ப்ப காலத்தில் தாயின் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிமருந்துகளின் சிதைவுப் பொருட்கள் மிக அதிகமாக இருந்த பிரிவின் குழந்தைகள், மிகக் குறைவாக இருந்த பிரிவின் குழந்தைகளைவிட 7 வயதில் நுண்ணறிவுச் சோதனையில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கியதாக 2011-ல் வெளியிட்டார்கள். இந்த மருந்துகளில் சிலவற்றைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி பிறந்த குழந்தைக்கு மிகக் குறைவு, பெரியவர்கள் அளவுக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். அதனால் வயிற்றில் பிள்ளையோடு இருப்பவரிடம் கணவரின் மருந்துச் சட்டையைத் துவைக்கக் கொடுக்காதீர்கள். அடித்தவரே துவைக்கட்டும்.

மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது, காலி கேனைக் கழுவித் தண்ணீர் பிடிப்பது, இரண்டுமே உயிருக்கு உலை வைக்கும். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது சோதனையில் தெரிந்தது. மருந்து இருந்த கேனில் எண்ணெய் வைத்திருந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து முழுக்கப் போகாது. காலிக் கேனை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டாங்கிலேயே ஊற்றி, பிறகு கேனை ஓட்டை போட்டுவிட வேண்டும். மீதி மருந்தை வைக்கும் இடம் வீட்டுக்கு வெளியே பூட்டு போட்ட பெட்டி. பரண் பத்தாது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பயிருக்கு அடிக்கும் மருந்தில் கொஞ்சம் எடுத்துக் குழந்தையின் தலையில் பேனுக்குத் தேய்ப்பது, மூட்டைப்பூச்சிக்குக் கட்டிலில் அடிப்பது, இப்படியும் செய்கிறார்கள். தலைத்தோல் வழியாக மருந்து வேகமாக உள்ளே இறங்கும். இதனால் உயிர் போன குழந்தைகள் உண்டு. பேன் சீப்பு போதும், இல்லாவிட்டால் மருந்தகத்தில் பேனுக்கென்றே விற்கும் மருந்து இருக்கிறது.

வாசனை போய்விட்டால் மருந்தும் போய்விட்டது என்று கணக்குப் போடாதீர்கள். லேபிளில் பச்சை முக்கோணம் இருந்தால் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள், மற்றவற்றைவிட விஷம் குறைவு என்பது மட்டுமே அதற்குப் பொருள். தெளித்த நிலத்துக்குள் எத்தனை நேரம் கழித்துப் போகலாம் என்று லேபிளில் இருக்கலாம். ஆனால் அந்த நேரம் வேலை செய்யும் பெரியவர்களை மனதில் வைத்துப் போட்டது, வரப்பு மண்ணை அள்ளி விளையாடும் குழந்தையை நினைத்துப் போட்டதல்ல. பக்கத்து நிலத்தில் அடிக்கும்போது ஜன்னலைச் சாத்தி, காயும் துணியையும் பொம்மைகளையும் உள்ளே எடுத்து வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது ஆகிவிட்டால் பதற்றத்தில் செய்யும் தவறுகள் வேறு. குழந்தை மருந்தைக் குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள், உப்புத்தண்ணீர், பால், எண்ணெய் என்று கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள். எதுவும் வேண்டாம். பல மருந்துகள் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் கலந்தவை. வாந்தியின்போது அது நுரையீரலுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். மேலே பட்டிருந்தால் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் அலசுங்கள். அதிக உமிழ்நீர், கண்ணீர், பேதி, ஊசிமுனையாகச் சுருங்கிய கண்பாவை எல்லாம் ஆர்கனோபாஸ்பேட் விஷத்தின் அடையாளங்கள். சின்னக் குழந்தைகளில் இவை தெளிவாகத் தெரியாமல் வெறும் சோர்வாகவோ, உடல் துவண்டோ, வலிப்பாகவோ வரலாம். அதனால் சாதாரண வயிற்றுப்போக்கு என்றோ வலிப்பு நோய் என்றோ நினைத்து நேரம் போய்விடும். மருந்தடித்த விஷயத்தை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், லேபிளையோ அதன் போட்டோவையோ கையோடு கொண்டு போங்கள். ஆர்கனோபாஸ்பேட் என்றால் அட்ரோபின் ஊசி உண்டு, பாராக்குவாட் களைக்கொல்லி என்றால் விஷமுறிவு மருந்தே கிடையாது. எந்த மருந்து என்று தெரிந்தால்தான் சிகிச்சையை அதற்கேற்பத் தொடங்க முடியும். கழற்றிய உடையைப் பையில் கட்டி வெளியே வையுங்கள். குழந்தையைத் தூக்கிப் போகிறவரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.