மாடு மேய்ந்த காட்டைக் குதிரைக்குத் தயார் செய்வது

மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். அய்யன் இருந்தவரை காங்கேயம் மாடுகள் மேய்ந்த காடு. அவருக்குப் பிறகு 8 வருடம் யாரும் உள்ளே போகவில்லை, சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டது. இந்த லட்சணத்தில் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் ஒரு கத்தியவாரிப் பெண்குதிரையைப் பிடித்து வந்துவிட்டேன். நீங்கள் முதலில் காட்டைப் பாருங்கள், அப்புறம் சந்தைக்குப் போங்கள். ஒரு வருடம் வாசல் வேம்பில் கட்டிவைத்து விலைக்குப் புல் வாங்கிப் போட்டவன் சொல்கிறேன்.

வேலையைச் சித்திரையில் ஆரம்பியுங்கள். இயந்திரம் வருவதற்கு முன் கையில் ஒரு கோலோடு காடு முழுக்க நடந்துவிட வேண்டும். எங்கள் காட்டில் புதருக்குள் சுற்றுச்சுவர் இல்லாத பாழுங்கிணறு ஒன்று இருந்தது. அதைச் சுற்றிக் கல் கட்டிய பிறகுதான் மற்ற வேலை. வெள்வேல் மரங்களுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். நிழலுக்கு அதைவிட நல்ல மரம் இந்த மண்ணில் இல்லை, ஆனால் ஜேசிபி ஓட்டுகிறவருக்கு எல்லாம் முள்மரம்தான்.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது. அடிக்கட்டை மண்ணில் இருந்தால் நான்கு மடங்காகத் துளிர்க்கும். கோடைமழை ஒன்று பெய்து மண் இளகியதும் வேரோடு பிடுங்கிவிடுங்கள். விறகை வியாபாரி எடுத்துக்கொள்வார். குழிகளை அன்றைக்கே மூடி மிதித்துவிட வேண்டும். ஓடுகிற குதிரை குழியில் கால் விட்டால் எலும்பு முறியும்.

முள்தான் பெரிய பாடு. கவைக்கோலால் தள்ளிக் குவித்து எரித்தோம், பிறகு நான்கு ஆட்கள் வரிசையாக நின்று இரண்டு நாள் பொறுக்கினார்கள். அப்படியும் பிந்திய ஒரு நாள் குதிரை முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. குளம்பைத் திருப்பிப் பார்த்தால் நடுவிலே மெத்தென்று இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. குறடால் பிடித்து இழுத்ததும் ஓர் அங்குல முள் முழுசாக வந்தது. குதிரைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) சட்டென்று பிடிக்கும், எனவே தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

அரளி, ஆமணக்கு, ஊமத்தை, உன்னிச்செடி எதுவும் காட்டுக்குள் நிற்கக் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தின்றது உள்ளேதான் இருக்கும். சீமைக்கருவேலங்காய் இனிப்பாக இருப்பதால் நிறையத் தின்று குடல் அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. வேலியோரத்து மரங்களையும் விட்டுவைக்காதீர்கள்.

மழைக்கு முன் கொழுக்கட்டைப் புல் விதை தூவலாம், ஏக்கருக்கு 3 கிலோ போதும். விதை பஞ்சு மாதிரி பறக்கும் என்பதால் ஈர மணலில் கலந்து தூவுங்கள். அறுத்த கையோடு தூவிய விதை சரியாக முளைக்காது, ஆறேழு மாதம் வைத்திருந்ததாகக் கேட்டு வாங்குங்கள். ஆனால் குதிரைக்கு இந்தப் புல்லை மட்டும் நம்பக் கூடாது. இதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. நாளடைவில் முக எலும்பே வீங்கும். அதை ஈடுகட்ட நான் ஒரு மூலையில் குதிரைமசால் போட்டிருக்கிறேன். பெயரே குதிரைக்கென்று வைத்த தீவனம்.

சரி, வேலி. அய்யன் வைத்த கிளுவை வேலி பாதி செத்திருந்தது. இடைவெளியில் முள்கம்பி இழுத்துவிடலாம் என்று நினைத்தேன். பக்கத்துக் காட்டுப் பெரியப்பன்தான் தடுத்தார்: "மாடு வேலியப் பார்த்தா நின்னுக்கும்ப்பா. குதிரை மிரண்டா வேலியே கண்ணுக்குத் தெரியாது." முள்கம்பியில் பாய்ந்த குதிரை உதறி உதறித் தன் தோலைத் தானே கிழித்துக்கொள்ளும்.

அதனால் 7 அடிக் கல்லுக்கால்களை 2 அடி புதைத்து, 8 அடிக்கு ஒன்றாக நட்டேன். மேலே ஒரு சவுக்குக் கட்டை. அது குதிரையின் கண்ணுக்குத் தெரியும், அதுதான் முக்கியம். அதற்குக் கீழே முள்ளில்லாத கம்பி 3 வரிசை. மூலைகளைக் கூராக விடாமல் வளைத்துவிட்டேன், இல்லாவிட்டால் மிரண்ட குதிரை அங்கே போய் மாட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் செத்த இடங்களில் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டிருக்கிறேன், அடைய இரண்டு மூன்று வருடம் ஆகும். சோலார் வேலி போடுகிறவர்கள் அதற்கென்று உள்ள கருவியோடு போடுங்கள். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம், சட்டப்படியும் குற்றம்.

கதவு 12 அடி அகலம் இருந்தால் தீவன வண்டி உள்ளே போகும். தாழ்ப்பாள் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். எங்கள் குதிரை மூன்றாம் நாளே உதட்டால் அதை நகர்த்தித் திறந்துகொண்டு பெரியப்பனின் முருங்கைத் தோப்பில் நின்றது. இப்போது சங்கிலி போட்டிருக்கிறேன்.