“உடம்பெல்லாம் உளைவு” என்றால் போதாது: மூட்டு நோவை டொக்டரிடம் சொல்லும் முறை

ஓபிடி வரிசையில் காலையிலிருந்து காத்திருந்தாலும் டொக்டருக்கு முன்னால் கிடைப்பது சில நிமிடம்தான். “உடம்பெல்லாம் உளைவு டொக்டர்” என்று தொடங்கினால் பெரும்பாலும் பரசிட்டமோல் துண்டோடு திரும்ப வேண்டியதுதான். அந்த வசனம் டெங்குக்கும் பொருந்தும், வேளாண்மை வெட்டிய அலுப்புக்கும் பொருந்தும். டொக்டருக்குத் தெரிய வேண்டியது வேறு: இது தேய்மானமா, மூட்டுக்குள் அழற்சியா (உள்ளே வீங்கி நோகும் நோயா)? அதைப் பிரித்துக் காட்டும் விபரத்தை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

போவதற்கு முன் 14 நாள் ஒரு கொப்பியில் எழுதுங்கள். முக்கியமானது விறைப்பு நிமிடம். விடிய எழும்பிய நேரத்தையும், விரல்கள் உள்ளங்கையைத் தொடும்வரை மடங்கிய நேரத்தையும் மணிக்கூட்டைப் பார்த்துக் குறியுங்கள். தேய்மானத்தில் விறைப்பு பொதுவாக அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும். அழற்சி வாதத்தில் ஒரு மணித்தியாலம் தாண்டியும் நிற்கும். “கொஞ்ச நேரம்” என்று சொன்னால் டொக்டருக்கு ஒன்றும் விளங்காது; “70 நிமிடம்” என்றால் பேனை எடுப்பார்.

அதோடு எந்த மூட்டு, இரண்டு பக்கமுமா, வீங்கினதா, அன்று என்ன குளிசை எத்தனை, எந்த வேலை செய்ய ஏலாமல் போனது என்பதையும் எழுதுங்கள். வேலையைப் பெயரோடு எழுத வேண்டும்: தேங்காய் திருவ ஏலாது, சட்டைத் தெறி பூட்ட ஏலாது, தொழுகையில் சுஜூதிலிருந்து கை ஊன்றி எழும்ப ஏலாது, வலை இழுக்கையில் பிடி நழுவுது. “சரியான நோ” என்பதைவிட இவை பாரம்.

விடிய 6 மணிக்கு இருந்த வீக்கம் கிளினிக்கில் உங்கள் இலக்கம் வரும்போது வடிந்திருக்கும். பிறகு “வீக்கம் ஒண்டும் இல்லையே” என்பார்கள். அதனால் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேற்புறம் தெரியப் படம் எடுங்கள். பிறகு பொத்திப் பிடித்து இன்னொன்று. திகதி போனிலேயே பதிவாகும்.

குளிசை விஷயத்தில் ஒளிக்கவே கூடாது. பார்மசியில் பெயரில்லாப் பக்கெட்டில் வாங்கிய குளிசை, நாட்டு வைத்தியரின் தூள், தைலம், எல்லாவற்றின் வெற்று அட்டையையும் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஏசுவார் என்று பயந்து மறைப்பவர்கள் அதிகம், அதுதான் கெடுதல். பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் வீக்கத்தை அமுக்கி நோயை மறைத்துவிடும். வாரக்கணக்கில் அதைப் பாவித்திருந்தால் திடீரென நிறுத்தவும் வேண்டாம். டிக்ளோபெனக்கைத் தொடர்ந்து போட்டால் வயிறும் சிறுநீரகமும் பழுதாகலாம்.

உள்ளே போனதும் முதல் வசனம் இப்படி இருக்கட்டும்: “டொக்டர், மூண்டு மாசமா ரெண்டு கை விரல் மூட்டும் வீங்குது, விடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல விறைப்பு, பாத்திரம் தூக்க ஏலாது.” பிறகு கொப்பியை நீட்டுங்கள். சிக்குன்குனியா வந்திருந்தால் எந்த மாதம் என்று சொல்லுங்கள். 2006இல் இலங்கையின் கிழக்கையும் தாக்கிய அந்தக் காய்ச்சல் போனபிறகும் மூட்டு நோ மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். தோலில் செதில், கண் சிவப்பு, வாய்ப்புண், குடும்பத்தில் வாதம், இவற்றையும் சம்பந்தமில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

தமிழ் தெரியாத டொக்டர் என்றால் மூன்று சிங்களச் சொல் உதவும்: ரிதெனவா (நோகுது), இதிமிலா (வீங்கியிருக்கு), உதேட்ட (காலையில்).

“வயசு போனா அப்படித்தான்” என்ற பதில் வந்தால் சண்டை வேண்டாம். “இது தேய்மானமா, அழற்சியா? எதை வைத்துச் சொல்றீங்க டொக்டர்? ஈஎஸ்ஆர், சிஆர்பி பார்க்கலாமா?” என்று கேளுங்கள். இவை அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் இரத்த டெஸ்டுகள். வீக்கம் ஆறு வாரம் தாண்டியிருந்தால் ருமட்டோலொஜி (வாத நோய்) கிளினிக்குக் கடிதம் கேளுங்கள். எலும்பு டொக்டர் வேறு, வாத டொக்டர் வேறு. அழற்சி வாதத்துக்குச் சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம், அதனால்தான் இந்தக் கடிதத்துக்கு இவ்வளவு அழுத்தம். கடிதம் தராவிட்டால், பார்த்ததையும் திரும்ப வரவேண்டிய திகதியையும் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

“வாத டெஸ்ட் நெகட்டிவ், உங்களுக்கு ஒண்டும் இல்ல” என்பதோடு நின்றுவிடாதீர்கள். ஆர்எப் என்ற அந்த இரத்த டெஸ்ட் நெகட்டிவாக இருந்தும் முடக்குவாதம் (அழற்சி வாதத்தில் ஒரு வகை) இருப்பவர்கள் உண்டு; பொசிட்டிவாக இருந்தும் நோய் இல்லாதவர்களும் உண்டு. இரத்தத்தில் யூரிக் அசிட் கூடியிருப்பது மட்டும் கவுட் (யூரிக் அசிட் மூட்டில் படிந்து வரும் வாதம்) ஆகாது. டொக்டர் எழுதாத டெஸ்டுகளைத் தனியார் லேபில் மொத்தமாகச் செய்து காசைக் கரைக்காதீர்கள்.

ஒன்றுக்கு மட்டும் கொப்பியும் வேண்டாம், கிளினிக் திகதியும் வேண்டாம்: திடீரென ஒரு மூட்டு வீங்கி, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் இருந்தால் மூட்டுக்குள் கிருமி இருக்கலாம். இரவானாலும் அன்றே கிட்டடி ஆஸ்பத்திரி ஈடியூவுக்கு (அவசர சிகிச்சைப் பிரிவுக்கு) போங்கள்.