துப்பாக்கியைக் கடைசியில் வாங்குங்கள்: ரைஃபிள் ஷூட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி லீவு விட்டால் போதும், துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் புதுப் பிள்ளைகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று நம்ம வட சென்னைப் பக்கத்திலிருந்தே இப்போது நிறைய பேர் எழும்பூர் ரேஞ்சுக்குக் கிளம்பி வருகிறார்கள். அஜித் 2021-இல் மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கியதைப் பார்த்து வந்தவர்கள் ஒரு கூட்டம், ஒலிம்பிக் போன இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர் என்று தெரிந்துகொண்டு மகளைக் கூட்டி வருகிற அப்பாக்கள் இன்னொரு கூட்டம். பாக்சிங், கேரம், ஃபுட்பால் என்றே பேர் வாங்கிய தெருக்களிலிருந்து ஒரு பிள்ளை ரைஃபிள் கற்க வருவது எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

ஆனால் எங்கள் செட்டில் எல்லோரும் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். மூச்சைக் கவனி, ட்ரிகரை வெடுக்கென்று இழுக்காதே என்பதையெல்லாம் எந்தக் கோச்சும் முதல் நாளே சொல்லிவிடுவார், அதை விட்டுவிடுகிறேன். இங்கே எழுதுவது காற்றழுத்தத்தால் சுடுகிற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பற்றி. அநேகமாக எல்லோரும் தொடங்குவது அதில்தான்.

முதல் மாதமே துப்பாக்கி வாங்குவது

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அப்பா வந்தார். ஹார்பருக்கு ட்ரெய்லர் ஓட்டுகிறவர், மகளுக்கு 12 வயது. பொண்ணு பயிற்சியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, அதற்குள் சீட்டு எடுத்து, போதாததற்கு வீட்டில் இருந்த நகையையும் அடகு வைத்து, இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்து ஒரு பழைய ஜெர்மன் ரைஃபிளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "ஒலிம்பிக்ல இதத்தான் சார் வச்சிருக்காங்களாம்" என்று பெட்டியைத் திறந்து காட்டினார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

அது நல்ல துப்பாக்கிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பொண்ணுக்கு அது எந்த வகையிலும் பொருந்தவில்லை. பெரியவர்களுக்கான அளவு. தோளில் பதிகிற பட் பிளேட்டை எவ்வளவு உள்ளே தள்ளியும் நீளம் குறையவில்லை, குறி பார்க்கிற ஓட்டையான பீப் சைட்டுக்குக் கண்ணைக் கொண்டுவர அவள் கழுத்தை முன்னால் நீட்ட வேண்டியிருந்தது. எடை ஐந்து கிலோவை ஒட்டி இருந்தது. விதிப்படி 5.5 கிலோ வரை போகலாம், சரி, ஆனால் அது வளர்ந்த உடம்புக்கு. அந்த எடையைத் தாங்க அவள் இடுப்புக்கு மேலே முழுசாகப் பின்னால் சாய்ந்து நின்றாள். அந்த வயதில் முதுகை அப்படிப் பழக்கவே கூடாது.

காற்று நிரப்புகிற சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தேன், தேதி முடிந்திருந்தது. பெரும்பாலான கம்பெனிகள் தயாரித்த நாளிலிருந்து 10 வருடம்தான் கணக்கு வைக்கின்றன, அதற்குப் பிறகு அதில் 200 பார் அழுத்தத்தை ஏற்றுவது ஆபத்து. போட்டியில் சிலிண்டர் தேதிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது ஷூட்டரின் பொறுப்பு என்று விதியே சொல்கிறது. ஆக, அதற்கும் தனியாகச் செலவு.

இதெல்லாம் போக, கடைசியாகத்தான் அந்தப் பெரிய விஷயம் தெரிந்தது. இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, சுவரில் உள்ள கடிகாரத்தை அதற்குள் பார்க்கச் சொன்னேன். அப்புறம் ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னேன். இடது கண்ணை மூடியதும் கடிகாரம் ஓட்டையை விட்டு விலகிவிட்டது. அதாவது அவளுக்கு ஓங்கிய கண், குறி பார்க்க இயல்பாக முந்துகிற கண், இடது. வந்திருப்பதோ வலது கைக்காரர்களுக்கான துப்பாக்கி. ஒரு நிமிடத்தில் முடிகிற சோதனை. அந்த ஒரு நிமிடத்தை அவளுக்காகச் செலவு செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

விற்றவரிடம் போய்க் கேட்டதற்கு விற்ற பொருள் விற்றதுதான் என்று சொல்லிவிட்டார். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். விற்றவருக்கு இந்த விளையாட்டு நன்றாகத் தெரியும். ஒரு மாதப் பிள்ளைக்கு இது ஆகாது என்றும் தெரியும். தெரிந்தே கொடுத்திருக்கிறார். அந்தப் பொண்ணு இப்போது ஒரு கிளப் துப்பாக்கியில் இடது பக்கமாக நின்று அழகாகச் சுடுகிறாள், அப்பா இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஏன் காத்திருக்கச் சொல்கிறேன் என்றால், துப்பாக்கியின் நீளம், கன்னம் பதிகிற கட்டையின் உயரம், முன் கை தாங்குகிற இடம் எல்லாமே நீங்கள் நிற்கிற நிலையைப் பொறுத்தவை. அந்த நிலை ஒரு மாதத்தில் அமையாது. பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு வெறும் 0.5 மி.மீ. துப்பாக்கியைக் கவ்வியில் இறுக்கி வைத்துச் சுட்டால் கிளப்பின் பழைய துப்பாக்கிகூடப் பத்தாகவே அடிக்கும். ஆடுவது நாம்தான். அதனால் முதல் ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் கிளப் துப்பாக்கியிலேயே சுடுங்கள். முதலில் க்ளவ், அப்புறம் ஷூ, பிறகு ஜாக்கெட்டும் ட்ரௌசரும், கடைசியாகத்தான் ரைஃபிள்.

ஜாக்கெட்டிலும் இதே அவசரம் உண்டு. "வளர்ற பொண்ணு சார், கொஞ்சம் லூசா தச்சா ரெண்டு வருஷம் ஓடும்ல?" என்று கேட்காத பெற்றோரே இல்லை. ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி வளர்ச்சிக்கு இடம் விட்டு இதைத் தைக்க முடியாது. விறைப்பான கேன்வாஸ் துணி, பெரிதாக இருந்தால் இடுப்பில் மடிந்து நிற்கும், முழங்கை போய் உட்கார வேண்டிய இடத்தில் அந்த மடிப்பு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் கை வேறு வேறு இடத்தில் பதியும். சரி, தடிமனாக இருந்தாலாவது நன்றாகத் தாங்குமா என்றால் அதுவும் கிடையாது. துணி 2.5 மி.மீ.-க்கு மேல் இருந்தால் போட்டியில் கருவிச் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கை பலத்தால் குறியை இழுப்பது

புதியவர் நிற்பார், துப்பாக்கி இலக்குக்குக் கொஞ்சம் இடது பக்கம் பார்க்கும், அவர் கையால் வலது பக்கம் தள்ளிப் பிடித்துச் சுடுவார். முதல் பத்துக் குண்டுக்குப் பிரச்சினை தெரியாது. போட்டியில் 60 குண்டு. பெண்களுக்கு முன்பு 40 இருந்தது, 2018 முதல் அவர்களுக்கும் 60. தசையால் பிடித்தவருக்கு முப்பதுக்கு மேல் தோள் நடுங்க ஆரம்பிக்கும், ட்ரிகர் விழுகிற அந்த நொடியில் துப்பாக்கி தன் பழைய திசைக்கே ஓடும்.

குறி பார்த்து நின்று, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். சைட்டின் வளையம் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உடம்பு இயல்பாகக் காட்டுகிற திசை. அது இலக்கை விட்டு விலகியிருந்தால் கையைத் தொடாதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள். பின் காலைச் சில மில்லிமீட்டர் தள்ளினாலே குறி பக்கவாட்டில் நகர்வது தெரியும். இடது முழங்கை இடுப்பு எலும்பின் மேல் இறங்கி உட்கார வேண்டும், எடை எலும்பு வழியாகத் தரைக்குப் போக வேண்டும். இடது பக்கமாகச் சுடுகிறவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒரு குண்டுக்கு ஒரு கிளிக்

ஒரு எட்டுப் புள்ளி விழுந்ததும் கை நேராகச் சைட்டைத் திருப்பப் போகும், ஒவ்வொரு திருப்பலும் ஒரு கிளிக். இரண்டு கிளிக் இந்தப் பக்கம், அடுத்தது விலகினால் மூன்று கிளிக் அந்தப் பக்கம். அரை மணி நேரத்தில் சைட் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஐந்து குண்டு சுட்டுவிட்டுப் பாருங்கள். ஐந்தும் ஒரே இடத்தில் கூடியிருந்தால் மட்டும் கிளிக்கைத் திருப்புங்கள். சிதறியிருந்தால் கோளாறு சைட்டில் இல்லை, நிற்பதிலோ ட்ரிகரிலோ இருக்கிறது. கீழே ஏழில் நெருக்கமாக விழுந்த ஐந்து குண்டைப் பார்த்தால் நான் சந்தோஷப்படுவேன், நாலு திசையில் சிதறி நடுவில் ஒரு பத்து இருந்தால் சந்தோஷப்பட மாட்டேன்.

பிள்ளைகள் 2008 பெய்ஜிங் இறுதிச் சுற்றில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் அடித்த 10.8-ஐத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நல்லது, பாருங்கள். அந்த இறுதிச் சுற்றுக்கு அவர் வந்தது தகுதிச் சுற்றில் 600-க்கு 596 எடுத்து. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

மறு கண்ணை இறுக்கி மூடுவது

மூடாதீர்கள். முகம் இறுகும், குறி பார்க்கிற கண்ணும் சோர்ந்துவிடும். அந்தக் கண்ணுக்கு முன்னால் 30 மி.மீ. அகலம் வரை மறைப்பு வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது.

மொட்டை மாடியில் சுடுவது

நம்ம ஏரியாவில் மாடிக்கு மாடி கைக்கு எட்டுகிற தூரம். பக்கத்து மாடியில் புறாக் கூண்டு, துணி காயப்போடுகிற அக்கா, பட்டம் விடுகிற பசங்க. ஏர் ரைஃபிள்தானே என்று பெல்லட் (அதன் குண்டு) போட்டு மாடியில் பழகுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பார்த்த இடத்திலேயே நிறுத்தவும் வைத்திருக்கிறேன். கண்ணில் பட்டால் கண் போய்விடும். தெருவில் துப்பாக்கியைப் பெட்டியை விட்டு வெளியே எடுப்பதும் கூடாது.

வீட்டில் பழக வேண்டியது பெல்லட் இல்லாத ட்ரை ஃபையர். ரேஞ்சில் 10 மீட்டரில் பார்க்கிற கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. உங்கள் ஹால் 3 மீட்டர்தான் என்றால் வெள்ளைத் தாளில் சுமார் 9 மி.மீ. கறுப்பு வட்டம் வரைந்து, கண் உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள், கண்ணுக்கு அதே அளவு தெரியும். தினமும் இருபது நிமிடம் போதும். ஒரு எச்சரிக்கை: ட்ரை ஃபையர் வசதி உள்ள போட்டித் துப்பாக்கியில் மட்டும் இதைச் செய்யுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியைக் காலியாகச் சுட்டால் உள்ளே பிஸ்டன் கெட்டுவிடும்.

ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே நிற்பது

குறி அமைந்து எட்டுப் பத்து நொடிக்குள் குண்டு போகவில்லை என்றால் இறக்கி வையுங்கள். அதற்கு மேல் பிடித்தால் கண் மங்கும், கை ஆட்டம் கூடும், இருந்தும் "இவ்வளவு நேரம் பிடிச்சிட்டோமே" என்று சுட்டுவிடுவார்கள். எலக்ட்ரானிக் இலக்கில் 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், இறக்கி வைத்து மூச்சு வாங்கி மறுபடி எடுக்க அதில் தாராளமாக நேரம் இருக்கிறது.

கை கழுவாமல் அத்தோ சாப்பிடப் போவது

பெல்லட் ஈயம். சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து காற்று ஏற்றுவது

வெடிக்கும். கூடவே கூடாது.

ஃபிளாக் போடாமல் துப்பாக்கியைக் கீழே வைப்பது

துப்பாக்கி காலி என்று காட்ட, குழலின் முழு நீளத்துக்கும் போகிற சேஃப்டி ஃபிளாக்கை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். சுடாத நேரமெல்லாம் அது உள்ளே இருக்க வேண்டும், பெட்டியில் வைக்கும்போதும்தான். நான் ரேஞ்சில் இருக்கும் நாளில் ஃபிளாக் இல்லாமல் பெட்டியை மூடினால், அது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வேன்.