மலேசிய ஊர்களில் தெருக்கடைச் சாப்பாடு: முதல்முறை போகிற வேலூர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கமிருந்து மலேசியாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குழுவாகத்தான் போகிறார்கள். பத்துமலை, இரட்டைக் கோபுரம், கெந்திங் மலை என்று நாள் ஓடுகிறது. மூன்று வேளையும் ஏற்பாட்டாளர் சொல்லிவைத்த ஓட்டலில் சாம்பாரும் சிக்கன் 65-உம். திரும்பி வந்து, "சாப்பாடு பரவாயில்லை, நம்ம ஊர் மாதிரியேதான் இருந்தது" என்று சொல்லும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவருடைய அடுப்பும் ஒரே தெருவில் எரிகிற நாடு அது. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), ரொட்டி சானாய் (புரோட்டா வகை), தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் டீ) மூன்றும் சேர்ந்த மலேசியக் காலைச் சாப்பாட்டுப் பழக்கத்தை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் கையில் வளர்ந்தவை. வெள்ளைக்காரன் காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் நம் வட ஆர்க்காடும் ஒன்று. அந்தத் தெருக்களில் சாப்பிடாமல் திரும்புவது எனக்கு ஒப்பவில்லை.

சொந்தமாக ஏற்பாடு செய்துகொண்டு போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அடிப்படை இரண்டுதான்: நேரம் பார்த்துப் போக வேண்டும், எங்கேயும் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது.

படி 1: வேலூரிலேயே ஒத்திகை பாருங்கள்

விமானத்தில் ஏறுவதற்கு முன்பே பழக வேண்டிய விஷயம் இது. ஒரு சாயங்காலம் மூன்று நான்கு பேராக சிஎம்சி மருத்துவமனைக்கு எதிரே காந்தி ரோடு பக்கம் போங்கள். சிகிச்சைக்கு வந்து தங்கியிருக்கும் வங்காளிகளுக்காகச் சோறும் மீன் குழம்பும் போடுகிற சின்னச் சின்னக் கடைகள் அந்தப் பக்கச் சந்துகளில் உண்டு. வருஷக்கணக்காக அந்த வழியே போயும் உள்ளே நுழையாதவர்கள்தான் நம்மில் அதிகம். நுழையுங்கள். பெயர் தெரியாத ஒன்றைக் கையால் காட்டி, "இது என்ன?" என்று கேட்டு, ஒரே ஒரு தட்டு வாங்கி நால்வரும் பகிர்ந்து சாப்பிடுங்கள். அப்புறம் அடுத்த கடை.

எச்சில் பார்க்கிற வீடு என்றால் காலித் தட்டு கேட்டு முதலிலேயே பிரித்துக்கொள்ளலாம். மலேசியாவிலும் அப்படியே செய்யலாம். "பிங்கான் கோசோங்" என்று கேட்டால் காலித் தட்டு வரும். பழக்கமில்லாதவர்கள் முதல் கடையிலேயே ஆளுக்கொரு தட்டு வாங்கி வயிற்றை நிரப்பிவிடுகிறார்கள். அதோடு அன்றைய சுற்றல் முடிந்துவிடுகிறது.

படி 2: காகித வேலை

இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் போகும் சலுகை 2023 டிசம்பரில் தொடங்கி, 2026 கடைசி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு போகிறவர்கள் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் மின்வழி வருகை அட்டையை இலவசமாக நிரப்ப வேண்டும். கையில் ரிங்கிட் ரொக்கமாக இருக்கட்டும், அதிலும் 1, 5, 10 ரிங்கிட் தாள்கள். ஒரு ரிங்கிட்டை 20 ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். தள்ளுவண்டிக்காரரிடம் 100 ரிங்கிட் தாளை நீட்டினால் சில்லறைக்கு அவர் பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

படி 3: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

கோலாலம்பூருக்கு ஒரு நாள் போதும் என்பது என் கருத்து. தெருக்கடைச் சாப்பாட்டுக்கு ஈப்போவும் பினாங்கும் நல்ல தொடக்கம். கோலாலம்பூர் சென்ட்ரலில் மின்ரயில் ஏறினால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. அதே தடத்தில் மேலே போனால் பட்டர்வொர்த். நிலையத்தை ஒட்டியே படகுத்துறை இருக்கிறது. படகேறிக் கடலைக் கடந்தால் பினாங்குத் தீவின் ஜோர்ஜ் டவுன். நாள் இருந்தால் நடுவில் தைப்பிங்கில் இறங்கி, லாருட் மாத்தாங் உணவுக்கூடத்தில் சாப்பிடுங்கள். சுற்றுலாக்காரர் கூட்டம் குறைவு. மலாக்கா எதிர்த் திசையில் இருக்கிறது, தலைநகரிலிருந்து பேருந்தில் 2 மணி நேரம். ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான் என்பதால் அதற்கேற்ப நாள் குறியுங்கள்.

படி 4: கடிகாரத்தைப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர் பிரியாணி அண்டாவை முற்பகலிலேயே திறந்துவிடுவார்கள் என்பது நமக்குத் தெரியும்; சாயங்காலம் போய் நின்றுவிட்டு ஊரைக் குறை சொல்ல மாட்டோம். மலேசியாவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் அப்படி ஒரு நேரம் இருக்கிறது. நாசி லெமாக் காலைக்கு. தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரி, முட்டை, சம்பால் எனும் மிளகாய் விழுது எல்லாம் வாழை இலையில் கூம்பாக மடித்து அடுக்கியிருக்கும். நல்ல கடையில் 9 மணிக்குள் தீர்ந்துபோகும். சீனக் காப்பிக் கடைகளில் நூடுல்ஸ் வகைகளுக்குக் காலை 7 முதல் மதியம் வரை. லக்சா எனும் குழம்பு நூடுல்ஸும், செண்டோல் எனும் பனிக்கட்டி இனிப்பும், வாழைப்பழப் பஜ்ஜியும் பிற்பகலுக்கு. 'பாசார் மாலாம்' எனப்படும் இரவுச் சந்தை மாலை 5, 6 மணிக்குக் கூடும். பேட்டைக்குப் பேட்டை வாரத்தில் ஒரு கிழமை என்று முறை வைத்து நடக்கும். கோலாலம்பூர் தாமான் கன்னாட்டில் புதன்கிழமை. நீங்கள் தங்கும் இடத்தில் எந்தக் கிழமை என்று விடுதிக்காரரைக் கேளுங்கள்.

விடுமுறைக்கும் ஒரு கணக்கு உண்டு. பல தெருக்கடைகள் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகள் பலவும் மூடும். சீனப் புத்தாண்டில் சீனக் கடைகளை எதிர்பார்க்க வேண்டாம். நோன்பு மாதத்தில் மலாய்க் கடைகள் பகலில் ஓய்ந்திருக்கும். ஆனால் பிற்பகலில் தெருவோரமெல்லாம் ரமலான் சந்தை போட்டுவிடுவார்கள். எனக்குப் பிடித்த காலம் அதுதான்.

இன்னொன்று, அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அவர்களுடைய காலை 7.30 நம் வயிற்றுக்கு விடிகாலை 5 மணி. அவர்களுடைய இரவு 8 மணி நமக்கு மாலை 5.30, பஜ்ஜிக்கு மனசு தாவுகிற நேரம். அதனால் முதல் இரண்டு நாள் இரவுக் கடைகளைக் குறிவையுங்கள், மூன்றாம் நாளிலிருந்து காலைக் கடைகள்.

படி 5: ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முறை

மாமாக் கடை என்பது தமிழ் முஸ்லிம்கள் நடத்துவது. பல கடைகள் இரவும் பகலும் திறந்திருக்கும். தயக்கம் உள்ளவர்கள் இங்கிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் இருப்பார்கள், தமிழிலேயே கேட்கலாம். உட்கார்ந்தால் ஆள் வருவார், சாப்பிட்டு முடித்துக் காசு கொடுக்கலாம். ரொட்டி சானாய்க்கு மாவை வீசி மெல்லிசாக்கி, சதுரமாக மடித்துப் போடுவார்கள். நம் புரோட்டா போல் சுருட்டி வைப்பதில்லை. பருப்புக் குழம்போடு வரும். வெறும் ரொட்டி ஏறத்தாழ 2 ரிங்கிட்தான்.

சீனர் நடத்தும் 'கோப்பித்தியாம்' எனும் காப்பிக் கடையில்தான் புதியவர்கள் திகைத்து நிற்பார்கள். ஒரே கூரையின் கீழ் ஏழெட்டு வண்டிகள் நிற்கும், ஒவ்வொன்றும் தனி முதலாளி. காப்பி, டீ மட்டும் கடைக்காரருடையது. முதலில் மேசை பிடியுங்கள். கூட்டமாக இருந்தால் முன்பின் தெரியாதவரோடு மேசையைப் பகிர்ந்துகொள்வது அங்கே சகஜம். அப்புறம் வண்டியருகே போய்ச் சொல்லி, மேசை எண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள். தட்டு வந்ததும் கொண்டுவருபவரிடமே காசு. இரண்டு வண்டியில் வாங்கினால் இரண்டு தடவை காசு. இடம் கொடுத்த கடைக்காரருக்காக ஆளுக்கு ஒரு பானமாவது வாங்குவதுதான் முறை.

நாசி கண்டார் கடை இன்னொரு தினுசு. தோளில் காவடிபோல் கம்பு வைத்து, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து வந்தது. இப்போது வரிசையில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைக் கைகாட்டிக் கேட்க வேண்டும். "பஞ்சிர்" என்றால் எல்லாக் குழம்பையும் கலந்து சோறு முழுக வார்ப்பார்கள். அப்படிச் சாப்பிட்டால்தான் அதன் ருசி தெரியும். ஆனால் விலைப் பலகை இல்லாத கடையில் பெரிய இறால், மீன் முட்டை இரண்டையும் தொடுவதற்கு முன் "பெராப்பா?" என்று விலை கேட்டுவிடுங்கள். பில் ஏறுவது அந்த இரண்டால்தான்.

படி 6: பத்துச் சொல் போதும்

மலாய்க்காரப் பெரியவரை 'பாச்சிக்', அம்மாவை 'மாச்சிக்', நடு வயதுக்காரர்களை 'அபாங்', 'காக்' என்று கூப்பிடுங்கள். சீன வண்டிக்காரர்களுக்கு 'அங்கள்', 'ஆன்ட்டி'. தமிழர் கடையில் அண்ணே, அக்கா, பாய். இங்கே சாப்பிட 'மாக்கான் சினி', பொட்டலம் கட்ட 'புங்குஸ்' அல்லது 'தாப்பாவ்'. காரம் வேண்டாம் என்றால் 'தா மாவ் பெடாஸ்'.

'தே' என்று மட்டும் கேட்டால் டின்பால் ஊற்றிய, நல்ல இனிப்பான டீ வரும். 'தே ஓ' பாலில்லாதது, சர்க்கரை உண்டு. 'தே ஓ கோசோங்' என்றால் இரண்டும் இல்லை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இதைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். மற்றவர்களும் 'குராங் மானிஸ்', அதாவது இனிப்புக் குறைவாக, என்று சேர்த்துச் சொல்வது நல்லது. வெந்நீருக்கு 'ஆயர் சுவாம்'.

படி 7: எது என்ன இறைச்சி

மலாய்க் கடைகளில் 'டாகிங்' என்று இருந்தால் மாட்டிறைச்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாமாக் கடையிலும் அது இருக்கும், தமிழ் பேசுகிறார்கள் என்று கேட்காமல் வாங்கிவிட வேண்டாம். ஆட்டுக்கறி 'காம்பிங்', கோழி 'ஆயாம்', இறால் 'ஊடாங்', பன்றி 'பாபி'. சீன வண்டிகளில் சார் குவே தியாவ் எனும் அரிசி நூடுல்ஸ் வறுவல் பன்றிக் கொழுப்பில் வறுபடுவது வழக்கம், மேலே இறைச்சித் துண்டு தெரியாவிட்டாலும்கூட. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்கள் ஒன்று கவனிக்கவும்: பன்றி இல்லை என்று மட்டும் பலகை இருந்தால் அது ஹலால் சான்று ஆகாது. ஹலால் சான்று தரும் அரசுத் துறையான ஜாக்கிமின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சீனப் பண்டங்கள் பலவற்றுக்கும் முஸ்லிம் கடைகளில் ஹலால் வகை கிடைக்கும்.

சைவர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம், ஆனால் வழி இருக்கிறது. சம்பாலில் 'பெலாச்சான்' எனும் இறால் விழுது கலந்திருக்கும். கீரைப் பொரியலிலும் அது நுழையும். காய்தானே என்று நம்பி வாங்காமல் "தா மாவ் பெலாச்சான், தா மாவ் இக்கான்" (இறால் விழுது வேண்டாம், மீன் வேண்டாம்) என்று சொல்லுங்கள். புத்த வழியில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத சீனச் சைவக் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் சீன மாதத்தின் 1, 15-ஆம் தேதிகளில் சீனர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால் அந்தக் கடைகள் களைகட்டும். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிற நம்மவர்களுக்கு அந்தத் தேதியைக் கணக்கு வைப்பது பெரிய வேலையில்லை.

சுத்தத்தைப் பற்றி ஒரு வரி: கடைச் சுவரில் உள்ளாட்சி ஒட்டியிருக்கும் ஏ, பி, சி தரச் சீட்டைப் பாருங்கள். உணவைக் கையாளுகிறவர்கள் டைஃபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

படி 8: ஜோர்ஜ் டவுனில் ஒரு முழு நாள்

காலை 8 மணிக்கு ஜாலான் ட்ரான்ஸ்ஃபரில் ரொட்டி சானாய், இருவருக்கு ஒன்று. அங்கிருந்து நடந்து குட்டி இந்தியாவுக்குப் போய் மகாமாரியம்மன் கோயிலைப் பாருங்கள், 1833-இல் கட்டியது. வழியில் இடியாப்பம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் தூவி 'புத்து மாயாம்' என்று விற்பார்கள். மதியம் நாசி கண்டார், அரைச் சோறு.

வெயில் உச்சிக்கு ஏறியதும் பினாங்கு ரோட்டை ஒட்டிய கெங் குவீ சந்தில் செண்டோல். துருவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பச்சை நிற அரிசிமாவு இழைகள், அவற்றின் மேல் தென்னஞ்சர்க்கரைப் பாகு. நின்றுகொண்டே குடிப்பவர்கள்தான் அதிகம்.

பிற்பகல் பேருந்தேறி ஆயர் ஈத்தாம். கெக் லோக் சி கோயிலுக்குக் கீழே, சந்தைப் பக்கம் ஆசாம் லக்சா கிடைக்கும். மீனை வேகவைத்து உதிர்த்த புளிக்குழம்பில் தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே அன்னாசி, புதினா, வெங்காயம், ஒரு கரண்டி கறுத்த இறால் பாகு. முதல் வாய்க்கு மீன் வாடை தூக்கலாகத் தெரியும்; மூன்றாவது வாய் வரை பொறுங்கள். புளிக்குழம்பில் வளர்ந்த நாக்குக்கு இது பிடிக்காமல் போகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரவு சூலியா தெரு அல்லது லோரோங் பாரு. சார் குவே தியாவ் வண்டியில் ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாக, பெருநெருப்பில் வறுக்கிறவரைத் தேடுங்கள். வரிசை மெதுவாக நகரும், நகரட்டும். ஒரே வாணலியில் நான்கு தட்டுக்குச் சேர்த்து வறுத்தால் நூடுல்ஸ் கருகல் மணம் பிடிக்காமல் வெந்து குழைந்துவிடும். தட்டு 8 முதல் 10 ரிங்கிட் ஆகும். பக்கத்திலேயே சாத்தே (குச்சியில் செருகிச் சுட்ட இறைச்சி), அப்பாம் பாலிக் (வேர்க்கடலை தூவி மடித்த இனிப்பு அப்பம்) இரண்டையும் ஒவ்வொன்று வாங்கிப் பகிர்ந்துகொண்டு, கடைசியாக ஏதாவது மாமாக் கடையில் தே தாரிக்.

மறுநாள் ஈப்போ பக்கம் இறங்குவதானால் புந்தோங்கில் தமிழர்கள் போடும் முறுக்கு, பொட்டுக்கடலை, காராசேவு வகைகளைப் பொட்டலமாக வாங்குங்கள். அங்கே அதற்கு 'கச்சாங் பூத்தே' என்று பெயர். விமானத்துக்குக் கெடாது. டுரியான் பழத்தை மட்டும் வாங்கிய இடத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள், விடுதிக்குள் விட மாட்டார்கள்.