குதிரை டிரெய்லரின் உள்பக்கம்: நம் ஊர் ஈரத்தில் சாயம் நிற்க வேண்டுமென்றால்

நம் பக்கம் குதிரை டிரெய்லர் பெரும்பாலும் கைமாறித்தான் வரும். வெளியே பளபளப்பாக இருக்கும். கதவைத் திறந்தால் மூத்திர வாடையும் துருவும். என் மச்சான் ஈப்போ பந்தயத் திடலில் ஓடி ஓய்ந்த குதிரை ஒன்றை வாங்கியதோடு, அதை ஏற்ற ஒரு பழைய டிரெய்லரையும் சுங்கை சிப்புட்டுக்குக் கொண்டுவந்தார். அதன் உள்பக்கத்துக்குச் சாயம் அடித்த முறையைச் சொல்கிறேன். கழுவுவது, டேப் ஒட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

தரை

ரப்பர் பாயை வெளியே எடுங்கள். நல்ல கனம், இரண்டு பேர் வேண்டும். அடியில் இருக்கும் பலகையை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நுனி மெத்தென்று இறங்கினால் பலகையை மாற்றுங்கள், சாயம் அதைக் காப்பாற்றாது. மேலே நிற்கப்போவது ஏறக்குறைய 500 கிலோ உயிர். பலகைக்குக் கீழே இருக்கும் இரும்புச் சட்டத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மூத்திரம் வடிந்து தேங்குவது அங்கேதான்.

பழைய சாயம்

குதிரை சும்மா நிற்காது. மார்புக் கம்பியையும் தடுப்பின் விளிம்பையும் கடித்துக்கொண்டே வரும். பழைய வண்டியில் ஈயம் கலந்த சாயம் இருக்கலாம். ஈயச் சோதனைக் குச்சி வாங்கித் தேய்த்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தண்ணீர் தெளித்து, ஈரமாகவே உப்புத்தாள் போடுங்கள். கழிவை மூட்டையாகக் கட்டி எடுத்துவிடுங்கள், ஆடு கோழி மேயும் பக்கம் கொட்ட வேண்டாம். ஈயம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்ட வேண்டும்.

எந்த உலோகம்?

எங்களை அதிகம் யோசிக்க வைத்த இடம் இது. காந்தம் ஒட்டவில்லை என்றால் அலுமினியம். ஒட்டினால், சுரண்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பூப்பூவாகத் தெரிந்தால் துத்தநாகம் பூசிய தகடு.

துத்தநாகத் தகட்டில் சாதாரண எண்ணெய்ச் சாயம் அடிக்கவே கூடாது. இரும்புக்கு என்று கேட்டால் கடையில் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். முதலில் அழகாகப் பிடிக்கும். ஆனால் எண்ணெயும் துத்தநாகமும் ஈரத்தில் சேர்ந்து வினைபுரிந்து, நடுவில் சவர்க்காரப் படலம் உண்டாகும். மேலே இருக்கும் சாயம் பிடிப்பை இழந்துவிடும். இந்த டிரெய்லரில் முன்பு யாரோ அடித்திருந்த சாயமும் அப்படித்தான். நகத்தால் நெம்பியதும் உள்ளங்கை அகலத்துக்குத் தோலாக உரிந்தது. உரிந்த இடத்தில் துருவே இல்லை.

இதற்கு, துத்தநாகத்துக்கும் அலுமினியத்துக்கும் ஏற்றது என்று டின்னில் எழுதியிருக்கும் இரண்டு கலவை எபோக்சி பிரைமரே என் தேர்வு. எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகப் போக்கி, 180 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேயுங்கள். துத்தநாகப் பூச்சையே தேய்த்து எடுத்துவிடாதீர்கள்.

நேரம்

விடியற்காலையில் தகட்டைத் தொட்டால் கை நனையும். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் சாயம் அடிக்க வேண்டாம். தகட்டின் சூடு பனிநிலையை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை) விடக் குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். நம் ஊரில் பத்து மணிக்கு மேல் தொடங்கி, மதியம் மழை கருக்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது. எண்ணெய் ஆலை பக்கத்தில் இருந்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்றும் பாருங்கள். கரி வந்து ஈரச் சாயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எபோக்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். சூடு 10 டிகிரி கூடினால், கலந்த எபோக்சி இறுகாமல் தாங்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். டின்னோடு வைத்தால் உள்ளேயே கொதித்துக் கட்டியாகும்.

அடிப்பது

எனக்கு நான்கு அங்குல ரோலரும் மூலைக்கு ஒரு பிரஷும் போதும். மூடிய பெட்டிக்குள் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். குறிப்பாக மேல் பூச்சாக அடிக்கும் இரண்டு கலவை பாலியூரித்தேன் சாயத்தில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும். சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து, காற்றாடி வைத்து, மெல்லியதாக இரண்டு தடவை அடியுங்கள்.

நிறம் வெள்ளை அல்லது சந்தனம். இருட்டுப் பொந்துக்குள் குதிரை ஏறத் தயங்கும். வெளிச்சமாக இருந்தால் தானாகவே வரும். உதைபடும் உயரத்தில் மட்டும் ரப்பர் தகடு அடித்துவிடுங்கள்.

பிறகு சேர்த்தது

ஒருவர், எட்ச் பிரைமர் (அமிலம் கலந்த, உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் பிரைமர்) ஏற்கெனவே அடித்துவிட்டேன், மேலே எபோக்சி போடலாமா என்று கேட்டிருந்தார். தயாரிப்பாளர் தாளில் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். அதில் மிஞ்சும் அமிலம் எபோக்சியை ஒழுங்காக இறுகவிடாது.

இன்னொருவர், மறுநாளே குதிரையை ஏற்றலாமா என்று கேட்டார். தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், ஆனால் எபோக்சி முழுதாக இறுகப் பொதுவாக 7 நாளாவது ஆகும். அதற்குப் பிறகு கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி, திறந்ததும் முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால் கதவைத் திறந்தே வைத்து இன்னும் சில நாள் காயவிடுங்கள்.